முதல் அருவியோடு திரும்பியிருக்க வேண்டும்

நானும் என் கணவரும் ஒரு சனிக்கிழமை காலையில் அருவி பார்க்கக் கிளம்பினோம். மறுநாள் விடியற்காலை இரண்டு மணிக்கு ஆறு பேர் சேர்ந்து அவரை ஸ்ட்ரெச்சரில் சுமந்து காட்டை விட்டு வெளியே கொண்டுவந்தார்கள். இது நடந்து நான்கு மாதமாகிறது. போவதற்கு முன் நானும் நிறையத் தேடிப் படித்தேன். எந்த நேரத்தில் வெளிச்சம் நன்றாக விழும், எந்தப் பாறையில் நின்றால் படம் அழகாக வரும் என்பதெல்லாம் கிடைத்தது. திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் எழுதியிருக்கவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இந்த வாரக் கடைசியில் யாராவது இருவர் இப்படிக் கிளம்புவதாக இருந்தால் அவர்கள் கண்ணில் இது பட வேண்டும்.

இரண்டு பேருக்கும் ஓயாத வேலை. ஒரே வீட்டில் இருந்தும் நிதானமாகப் பேசிப் பல வாரம் ஆகியிருந்தது. வெள்ளி இரவு கிளம்பி, இரண்டு இரவு தங்கி, ஞாயிறு திரும்புவதாகத் திட்டம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நடக்க ஆரம்பிக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். ஆனால் எழுந்தபோதே எட்டு. குளித்து, சாப்பிட்டு, வண்டி எடுத்து, வழி கேட்டு, பாதை தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். விடுமுறைதானே, அவசரமென்ன என்று இருவருக்குமே தோன்றியது. அந்த நான்கு மணி நேரத்தைத்தான் அன்றைக்கு நாங்கள் முதலில் தொலைத்தோம். மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது.

வாசலில் ஒரு காவலர் பதிவேட்டை நீட்டினார். பெயர், எத்தனை பேர், வண்டி எண், திரும்பும் நேரம். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. திரும்பும் நேரத்தில் 'மாலை 5' என்று யோசிக்காமல் எழுதிவிட்டு நகர்ந்தேன். அந்த ஒற்றை எண்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவேடு இருந்தால் ஒழுங்காக எழுதுங்கள், வெளியே வந்ததும் மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள். பதிவேடு இல்லாத இடமென்றால் உங்களோடு வராத ஒருவரிடம், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதற்கு மேல் எவ்வளவு நேரம் தகவல் இல்லாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். "மலைக்குப் போறோம், வந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால், உங்களைக் காணோம் என்பதே மறுநாள்தான் ஒருவருக்கு உறைக்கும்.

அந்தப் பாதையில் இரண்டு அருவிகள். முதலாவது மூன்று கிலோமீட்டரில், இரண்டாவது அதற்கு மேல் இன்னொரு மூன்று கிலோமீட்டரில். போகும் வழி முழுக்க இறக்கம். மலையேற்றம் என்றால் ஏறிவிட்டு இறங்குவது என்றுதான் மனதில் படிந்திருக்கிறது. அருவிக்குப் போகும் பாதைகள் பல இதற்குத் தலைகீழ். தண்ணீர் விழும் பள்ளத்தைத் தேடி இறங்குகிறோம், களைத்த பிறகு ஏறுகிறோம். போகும்போது இருக்கும் சுகத்தை வைத்து 'இவ்வளவுதானா' என்று எடை போட்டால் தப்பாகிவிடும். வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன ஒரு கணக்கை இப்போது எல்லா நடைக்கும் போட்டுப் பார்க்கிறேன். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு அறுநூறு மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் பாதையில் திரும்பும்போது ஆறு கிலோமீட்டர் நடையும் நானூறு மீட்டர் ஏற்றமும் இருந்தது. கணக்குப்படி கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அது பழக்கமுள்ளவர், நல்ல பாதையில், எங்கும் உட்காராமல் நடந்தால். எங்களைப் போல வாரம் முழுவதும் நாற்காலியிலோ கடைக்குள்ளோ இருப்பவர்கள் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது. அதாவது நான்கு மணி நேரம். அன்று காலை இந்த இரண்டு நிமிடக் கணக்கை நான் போட்டிருந்தால், முதல் அருவியைத் தாண்டியிருக்கவே மாட்டோம்.

பன்னிரண்டேகாலுக்கு முதல் அருவியை அடைந்தோம். அழகென்றால் அப்படியொரு அழகு. சாரல் முகத்தில் பட்டதும் வாரம் முழுக்கச் சேர்ந்த அலுப்பு கழன்று விழுந்தது போல இருந்தது. எடுத்துப் போனதைச் சாப்பிட்டோம், படம் எடுத்தோம், கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்து வெகுநாளைக்குப் பிறகு மனம் விட்டுப் பேசினோம். ஒன்றே முக்கால் ஆகியிருந்தது. எனக்கு முழங்கால் லேசாக வலித்தது, திரும்பிப் போய் அறையில் படுத்தால் போதும் என்று இருந்தது. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டாவதுக்கும் போலாமா?" என்றார். அவருக்கு அவ்வளவு ஆசை, நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று நினைத்து "ம், போலாமே" என்றேன்.

இரண்டாவது அருவிக்கான பாதை குறுகலாக, கல்லும் வேருமாக இருந்தது. நடுவில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். கணுக்கால் அளவுதான் தண்ணீர், கல் மேல் கல்லாகத் தாண்டிவிட்டோம். அந்த மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது. மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களைத் தவிர ஒருவர் கூட இல்லை. தனிமை கிடைத்ததென்று அப்போது மகிழ்ந்தேன். மாலை நேரத்தில் ஆள் நடமாட்டமே இல்லாத பாதை என்பது, மற்றவர்களெல்லாம் எப்போதோ கிளம்பிவிட்டார்கள் என்பதற்கு அடையாளம் என்று இப்போது தெரிகிறது.

நான்கு மணியிருக்கும். அதுவரை கண்ணாடி போல இருந்த தண்ணீர் மெல்லக் கலங்க ஆரம்பித்தது. முதலில் டீ நிறம். காய்ந்த இலைகள், சுள்ளிகள் மிதந்து வந்தன. சத்தமும் மாறியது, சலசலப்புக்குக் கீழே ஓர் ஆழமான உறுமல். எங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகத்தான் இருந்தது. மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது. எதற்கு வந்தது இந்தக் கலங்கல் என்று நின்று யோசிக்கக் கூடாது, நிறம் மாறினாலும், குப்பை மிதந்து வந்தாலும், சத்தம் கூடினாலும், ஏன், திடீரென்று தண்ணீர் குறைந்தாலும்கூட அந்த நொடியே கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். இது மட்டும் எனக்கு எங்கோ படித்த ஞாபகம் இருந்தது. "வெளிய வாங்க!" என்று கத்தினேன். அவர் எழுந்து ஓடி வந்தார். ஓடி வந்ததுதான் வினையாகிவிட்டது.

அந்தப் பாறை ஈரமாகத் தெரியவில்லை. சற்றே கறுத்து, எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு, அவ்வளவுதான். பாசி பச்சையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அருவிக்குப் பக்கத்தில் அது கறுப்பாக, படலம் படலமாக, கண்ணுக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவருடைய வலது கால் முன்னால் வழுக்கி, இரண்டு கற்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கம் திரும்ப, பாதம் அங்கேயே நின்றது. காய்ந்த குச்சியை உடைப்பது போன்ற அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். இதை எழுதும்போதும் வயிறு கலங்குகிறது.

எப்படியோ இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தேன். அங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். காயத்தைப் பார்க்க வேண்டும் என்ற பதற்றத்தில் ஷூவைக் கழற்றிவிட்டேன். பத்து நிமிடத்தில் கணுக்கால் பந்து போல வீங்கிவிட்டது, திரும்ப மாட்ட முடியவில்லை. நடந்தே வெளியே வர வேண்டிய நிலையில் ஷூவே ஒரு கட்டுப் போலப் பிடித்துக்கொள்ளும், கயிற்றை மட்டும் தளர்த்தியிருந்தால் போதும். விரல்கள் வெளுக்கிறதா, மரத்துப் போகிறதா என்று மட்டும் அடிக்கடி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். "ஒரு நாலு அடி வெச்சுப் பாருங்க" என்றேன். ஓர் அடிகூட ஊன்ற முடியவில்லை. நான்கு அடி வைக்க முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்பது மருத்துவர்களே வைத்திருக்கும் ஒரு கணக்கு என்று பிறகு சிகிச்சையின்போது தெரிந்தது. இரண்டு தடித்த குச்சிகளை இரு பக்கமும் வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினேன். என் தோளில் அவர் கை, அவர் மறுகையில் ஒரு கம்பு. ஒற்றைக் காலில் தாண்டித் தாண்டி, அந்த ஓடைக்கு வர அறுநூறு மீட்டர்தான் இருக்கும், ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

ஓடை அதே ஓடையாக இல்லை. நாங்கள் மிதித்து வந்த கற்களில் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. செம்மண் நிறத்தில் முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "புடிச்சுக்கோ, தாண்டிடலாம்" என்றார் அவர். முழங்கால்தானே என்றுதான் எனக்கும் ஒரு கணம் தோன்றியது. வேகமாக ஓடும் நீர் பதினைந்து சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு குச்சியை எறிந்து பார்த்தேன், நான் ஒரு மூச்சு விடுவதற்குள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. அதைப் பார்த்த பயத்தில்தான் "முடியாதுங்க, இங்கயே இருப்போம்" என்று சொன்னேன். அன்று நாங்கள் எடுத்த முடிவுகளிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். இப்படி ஏறும் தண்ணீர் பெரும்பாலும் மழை விட்டுச் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். காத்திருப்பது கோழைத்தனம் இல்லை.

போனை எடுத்தேன். பதினான்கு சதவீதம். காலையில் நூறு இருந்தது. பாதி வீடியோவில் போனது, மீதி சிக்னலைத் தேடித் தேடியே தீர்ந்திருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்துக்குள் நுழையும்போதே போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். அதிலும் பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் வழியும் தெரியும். நான் இறக்கி வைக்கவில்லை. இன்னொன்று, உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லை என்று காட்டினாலும் அவசர எண்ணை அழைத்துப் பார்க்க வேண்டும். எட்டும் தூரத்தில் வேறு எந்த நிறுவனத்தின் டவர் இருந்தாலும் அந்த அழைப்பு அதன் வழியாகப் போக வாய்ப்பு உண்டு. பல நாடுகளில் 112 வேலை செய்யும். நான் மூன்று முறை முயன்றேன், அந்தப் பள்ளத்தில் எதுவுமே எட்டவில்லை.

சூரியன் மறைய ஆறேகால் ஆகும் என்று போன் காட்டியது. ஆனால் மலைச்சரிவுக்குக் கீழே, மரத்தடியில், ஐந்தே முக்காலுக்கே இருட்டிவிட்டது. வெளிச்சம் எவ்வளவு நேரம் மிச்சம் என்று பார்க்க ஒரு கை அளவு இருக்கிறது. கையை முன்னால் நீட்டி, சூரியனுக்குக் கீழே விரல்களைப் படுக்கையாக வைத்து, அடிவானம் வரை எத்தனை விரல் பிடிக்கிறது என்று எண்ண வேண்டும், விரலுக்கு ஏறக்குறைய பதினைந்து நிமிடம். பள்ளத்தாக்கில் அடிவானம் என்பது எதிரே இருக்கும் மலையின் உச்சி. விரல்களை அதுவரை மட்டும் எண்ணுங்கள்.

அப்புறம் குளிர். பகலில் வியர்க்க நடந்த ஊரில் இப்படிக் குளிரும் என்று நினைக்கவே இல்லை. இருவர் உடையும் ஈரம். காற்றை விடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈரப் பருத்தி உடை அதற்கு நல்ல துணை. ஏழு மணி வாக்கில் அவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நடுங்குகிறவரை பரவாயில்லை, உடம்பு இன்னும் போராடுகிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்று, பேச்சு குழறி, ஆள் மந்தமாகிவிட்டால்தான் ஆபத்து. எனக்கு இது தெரியாததால் நடுக்கத்தைப் பார்த்தே அழுதுவிட்டேன். அவருடைய ஈரச் சட்டையைக் கழற்றி, பையில் இருந்த என் உலர்ந்த மேலாடையைப் போட்டுவிட்டு, பையைப் பாறைமேல் போட்டு அதன்மேல் உட்காரவைத்து, ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

அந்த இருட்டில்தான் சண்டை வந்தது. "நீங்கதான் ரெண்டாவதுக்கும் போலாம்னீங்க" என்று வெடித்தேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அங்கயே கால் வலிச்சுது. நீ எத்தனை நாளா ஆசைப்பட்டுக்கிட்டிருந்தே, பாதியில திரும்பலாம்னு சொன்னா நீ வருத்தப்படுவியேன்னுதான் கேட்டேன்" என்றார். எனக்குப் பேச்சே எழவில்லை. எனக்காக அவரும் அவருக்காக நானும், இருவருக்குமே விருப்பமில்லாத மூன்று கிலோமீட்டரை நடந்திருக்கிறோம். பாசியையும் தண்ணீரையும் பற்றி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதை எங்களைத் தவிர வேறு யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது. தம்பதியாகப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஒரு மணி என்றால் ஒரு மணி, அருவி பத்து நிமிட தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இரண்டில் ஒருவர் "போதும்" என்று சொன்னால் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. "போலாமா?" என்று கேட்காமல், "எனக்கு இப்படி இருக்கு, உனக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.

நேரம் தெரியாமல் இருட்டில் பையின் பட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன். மார்புக்குக் குறுக்கே மாட்டும் கொக்கியின் ஓரத்தில் சின்னதாக ஒரு குழல் போல விரலில் பட்டது. வாயில் வைத்து ஊதினேன். விசில்! மூன்று வருடமாக அந்தப் பையைச் சுமக்கிறேன், அதில் விசில் இருப்பது தெரியாது. உங்கள் பையை இப்போதே எடுத்துப் பாருங்கள், பல பைகளில் அது இருக்கிறது. வாயால் கத்தினால் கால் மணி நேரத்தில் தொண்டை போய்விடும், விசிலை இரவு முழுவதும் ஊதலாம். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஆறு என்பது மலைகளில் உதவி கேட்கும் முறை. பதிலாக மூன்று ஊதல் வரும். வட அமெரிக்காவில் உதவி கேட்பதற்கே மூன்றுதான். எனக்கு எந்த எண்ணிக்கையும் தெரியாது, கண்ணீரோடு ஊதிக்கொண்டே இருந்தேன்.

எட்டே முக்காலுக்கு அக்கரையில் இரண்டு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. பதிவேட்டில் ஐந்து மணி என்று எழுதியவர்கள் வரவில்லை, வண்டி அங்கேயே நிற்கிறது என்று பார்த்துத் தேடி வந்த காவலர்கள். விசில் சத்தம்தான் எந்தப் பக்கம் என்று காட்டியதாம். "பயப்படாதீங்கம்மா, தண்ணி இறங்கட்டும், வந்துடறோம்" என்று அக்கரையிலிருந்து ஒருவர் சொன்ன அந்தக் குரலை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். பத்து மணிக்கு மேல் ஓடை வடிந்தது, இன்னும் நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அந்த ஏற்றம் முழுவதும் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். ஒருவர்கூட ஒரு கடுமையான வார்த்தை சொல்லவில்லை.

கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் முறிவு. அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை, ஆறு வாரம் மாவுக்கட்டு. அவருடையது நின்றே செய்யும் வேலை என்பதால் ஏழு வாரம் சம்பளமில்லாத விடுப்பு. தங்காத இரவுக்குக் கட்டிய வாடகை திரும்பவில்லை, அவருடைய போன் தண்ணீரோடு போனது. காப்பீட்டில் எல்லாம் வந்துவிடும் என்று நம்பியிருந்தோம், சாகச நடவடிக்கைகளுக்குப் பொருந்தாது என்ற ஒரு வரி பத்திரத்தின் உள்ளே இருந்தது. பேசிப் பேசி மருத்துவச் செலவில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்தது. வராத சம்பளத்தைச் சேர்க்காமலே என் இரண்டு மாதச் சம்பளம் கரைந்தது. கிளம்பும் முன் அந்தப் பத்திரத்தில் 'மலையேற்றம்' என்ற சொல்லைத் தேடிப் படித்துவிடுங்கள்.

இப்போது அவர் தடியில்லாமல் நடக்கிறார், படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைத் தேடுகிறார். அடுத்த மாதம் ஒரு சிறிய நடைக்குப் போவதாக இருக்கிறோம், ஒரே ஓர் அருவி, இரண்டு கிலோமீட்டர், காலை ஏழு மணிக்கே பாதையில் இருப்போம், பதினொன்றுக்குத் திரும்பிவிடுவோம். பை ஏற்கெனவே தயார். ஆளுக்கொரு தலைவிளக்கு, உலர்ந்த மாற்றுடை, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் வெப்பப் போர்வை, கட்டுத்துணி, பவர் பேங்க். அவருடைய பையின் கொக்கியில் விசில் இல்லை. அதனால் தனியாக ஒன்று வாங்கி, இருட்டில் தடவினாலும் கைக்குக் கிடைக்கிற மாதிரி இடது தோள்பட்டியில் கோத்து வைத்திருக்கிறேன்.